பொம்மை ஊர் லாயர்

— செருப்ப உள்ள கொண்டாராதண்ணே, வெளியவே கெடக்கட்டும். யாரும் தூக்க மாட்டாங்க.

— போன மாசம் பக்கத்து வீட்டு வீரம்மாக்காவோடத தூக்கிட்டாங்கன்னு நீதானே சொன்ன?

— அது புது செருப்பு. உன்னுது தேஞ்சிபோய் கெடக்கு. லாயரு செருப்பு மாதிரியே இல்ல.

— ஆரம்பிச்சிட்டியா... இந்தா தனம், பிரிக்பீல்ட்ஸ்ல வடை வாங்கிட்டு வந்தேன். வாங்கும்போது சூடாத்தான் இருந்துச்சு. ஹைவேல சரியான ஜாம். கிள்ளான் வர்றதுக்குள்ள ஆறிப்போச்சு.

— வடையா? அப்பா கருமாதிக்கு நான் சுட்ட வடைய தின்னுட்டுப் போனவன், இப்பதான் வடையோட வர்ற.

— அத ஏம்மா இப்ப இழுக்குற...

— சும்மா சொன்னேன். உக்காரு. தே கலக்கட்டா, கோப்பி கலக்கட்டா?

— எதாச்சும். சீனி கம்மியா. சீக்கிரம் கெளம்பணும் நான். நீயும் ஸ்கூல் பிள்ளைங்கள ஏத்தப் போவணும்ல?

— வேன் வாசல்லதான் நிக்குது. மத்தியான பிள்ளைங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு. நீ பையத் தொறக்காத. மொதல்ல குடி.

— பையில என்ன இருக்குன்னு உனக்கு...

— நீ எப்பண்ணே பேப்பர் இல்லாம இந்த வீட்டுக்கு வந்த?

— சூடா இருக்கு, இரு...

— சரி, குடி. ஆறிடும்.

— சின்ன பேப்பர்தான் தனம். ஒரே ஒரு கையெழுத்து. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி.

— போன தடவையும், கருமாதி அன்னிக்கு, சின்ன பேப்பர்தான். வீட்டு வரிக்குப் பேர் மாத்தணும்னு சொன்ன. சட்டி காயுது, கையெல்லாம் மாவு, எண்ணெ. நீ வந்து குனிஞ்சு, 'இங்க போடு... இந்தப் பக்கத்துலயும் போடு'ன்ன. ஐயர் வேற கூப்புடுறாரு. சேலையில கைய தொடைச்சிட்டு போட்டேன்.

— யாரும் உன்ன கட்டாயப்படுத்தலையே?

— இல்லையே! நீ லாயரு. இந்தக் குடும்பத்துல எந்தப் பேப்பர் வந்தாலும் நீ எங்க வெரல வைக்கிறியோ அங்க நாங்க போடுவோம். என் கல்யாணப் பதிவு, வேன் பெர்மிட்டு, என் வீட்டுக்காரரு செத்தப்போ இன்சூரன்ஸு... எல்லாத்துக்கும் அப்படித்தானே போட்டேன்?

— அதெல்லாம் நான் ஒழுங்கா முடிச்சுத் தரல?

— தந்த. இல்லைங்கல. அதனாலதான் அதையும் படிக்காம போட்டேன்.

— இப்ப என்னா, என் மேல குத்தமா?

— நான் குத்தம் சொல்லலண்ணே. வீட்டு வரி பில்லு வந்துச்சு, அதுல உன் பேரு மட்டும் இருந்துச்சு. என் பேரு எங்கண்ணேன்னு போன் பண்ணேன். 'சட்டம் அப்படித்தான்'னு சொல்லிட்டு கோர்ட்ல இருக்கேன்னு வச்சிட்ட.

— அன்னிக்கு நெஜமாவே கோர்ட்லதான் இருந்தேன்.

— இருந்திருப்ப. அப்பா உயில் எழுதல. அம்மாவும் இல்ல. நாம ரெண்டே பேரு. ஆளுக்குப் பாதின்னுதானே சட்டம்?

— யார் சொன்னா உனக்கு?

— யாரோ சொன்னாங்க. சரியா தப்பா?

— சரிதான்... ஆனா நீ உன் பாதி வேணாம்னு எழுதிக் குடுத்திட்டல்ல? பொறந்த வீட்டுல தங்கச்சிங்க குடுக்கிறதுதானே? உலகத்துல இல்லாததா?

— குடுக்குறது வேறண்ணே. நான் வடை சுட்டுக்கிட்டு இருந்தேன்.

— ஐயோ, அந்த வடைய விடு!

— சரி, விட்டுட்டேன். இந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்கு? அதையாச்சும் சொல்லு.

— ஒண்ணுமில்லலா. நீ அந்தக் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி வேற ஒரு லாயரப் பாத்த... அவரு உனக்கு எல்லாத்தையும் விளக்குனாரு... நீ புரிஞ்சிக்கிட்டுத்தான் போட்ட... அவ்வளவுதான்.

— எந்த லாயரப் பாத்தேன்?

— பிராண்டன்னு நம்ம ஃப்ரெண்டு. பங்சார்ல ஆபீஸ் வச்சிருக்கான்.

— அப்படி ஒரு ஆள நான் பாத்ததே இல்லையே.

— பாக்க வேணாம். அவன் முத்திரை சாப் குத்தி வச்சிட்டான். நீ போட்டா முடிஞ்சிடும்.

— அவரு நல்லா விளக்குனாரா?

— தனம்... விளையாடாத.

— இல்லண்ணே, நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் சொல்லணும்ல? குண்டா இருப்பாரா, ஒல்லியா இருப்பாரா, தாடி இருக்குமா...

— யாரும் கேக்க மாட்டாங்க. பேங்க்குக்குத்தான் இது. ஒரு கடன் எடுக்கப் போறேன்.

— கடனா? வீட்ட விக்கலையே?

— யார் சொன்னா விக்கிறேன்னு? ஒரு ஆளு வந்து பாப்பாரு. பாக்க மட்டும்.

— பாத்துட்டு?

— பாத்துட்டுப் போயிருவாரு.

— நானு?

— நீ என்ன?

— நான் எங்க போறது, அவரு பாத்துட்டுப் போனதுக்கப்புறம்?

— அப்படி ஏதாச்சும் ஆச்சுன்னா... ஆச்சுன்னா சொல்றேன்... செமினியில ஒரு அபார்ட்மென்ட் பாத்து வச்சிருக்கேன் உனக்கு. புதுசு. லிஃப்ட் இருக்கு. கேட்டுல கார்டு நிப்பான். இங்க மாதிரி செருப்பு தூக்க மாட்டாங்க.

— என் வேன் பிள்ளைங்க கிள்ளான்ல படிக்குதுங்கண்ணே. செமினி எங்க இருக்கு, கிள்ளான் எங்க இருக்கு? விடியக்காலையில அங்கேருந்து வேன ஓட்டிக்கிட்டு வந்து நான் எந்தப் பிள்ளைய ஏத்துறது? வர்றதுக்குள்ள ஸ்கூல் பெல்லு அடிச்சிருவாங்க.

— அங்கயும் ஸ்கூல் இருக்கும்மா. அங்க பிள்ளைங்கள பிடி.

— பிள்ளைங்க என்ன மீனா, பிடிக்கிறதுக்கு? ஒவ்வொரு அம்மாவும் பாத்துப் பாத்து, நம்பித்தான் வேன்ல ஏத்துறாங்க. அந்த நம்பிக்கைய மூட்ட கட்டி செமினிக்கு எடுத்துட்டுப் போவ முடியுமா?

— அதான் விக்கலன்னு சொல்றேன்ல? ஏன் இப்பவே அழுவுற?

— நான் அழுவல. வெங்காயம் உரிச்சேன்... வடைய எடுத்துக்க. பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸ் எப்படிண்ணே போவுது?

— போவுது.

— கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற அந்தப் பொம்மை ஊர் ஆபீஸு?

— அது பொம்மை ஊரு இல்லன்னு எத்தன தடவ சொல்றது? இனிமே எல்லாம் அங்கதான். ஜனங்க அங்க நெலம் வாங்குறாங்க, கடை தொறக்குறாங்க, கல்யாணம்கூட பண்றாங்க. சண்டை வந்தா லாயர் வேணாமா? மொதல்ல போய் போர்டு மாட்டின தமிழன் நான்தான்.

— கடைவீடே வாங்கிட்டியாமே?

— மெயின் ரோட்டு முனை. கார்னர் லோட்டு. இன்னிக்கு அந்த எடம் கெடைக்கவே கெடைக்காது.

— மழை பேஞ்சா ஒழுகுமா?

— அங்க மழையே பெய்யாது.

— அப்ப நல்ல வீடுதான். இங்க சமையக்கட்டு மூலையில வாளி வச்சிருக்கேன்.

— உனக்குக் கிண்டலா இருக்கு...

— வக்கீல் மன்றத்துல என்னமோ கேள்வி கேட்டாங்களாமே. உஷா அண்ணி சொன்னாங்க.

— அவளுக்கு வாய் சும்மா இருக்காது. அவங்கல்லாம் பழைய காலத்து ஆளுங்க, தனம். லாயர்னா ஆபீஸுக்கு ஒரு விலாசம் வேணுமாம். கிளையண்ட் வந்து தட்டுறதுக்குக் கதவு வேணுமாம். தேக்குக் கதவே இருக்கு, யாரு வேணும்னாலும் வந்து தட்டுங்கன்னு எழுதிப் போட்டேன்.

— சிரிச்சாங்களா?

— சிரிக்கல. வர்ற ஆளோட ஐசிய, அடையாளக் கார்ட பாத்தியான்னு கேட்டு இன்னொரு கடுதாசி.

— பாத்தியா?

— பொம்மைக்கு ஏது ஐசி? பேரு இருக்கும். உருவம் இருக்கும். அவ்வளவுதான்.

— இப்ப நீதான் பொம்மைன்னு சொன்ன.

— ஒரு பேச்சுக்கு...

— யார் என்னன்னே தெரியாம எப்படிண்ணே? ஒரே சண்டையில ரெண்டு பக்கமும் உன்கிட்டயே வந்துட்டா என்ன பண்ணுவ?

— ம்... அதையும்தான் கேட்டிருக்காங்க. உனக்கெப்படி இதெல்லாம் தோணுது?

— காலையில பிள்ளைங்கள எறக்கிவிட்டுட்டு மத்தியானம் வரைக்கும் ஸ்கூல் வாசல்ல சும்மாத்தானே உக்காந்திருக்கேன். என்னென்னமோ தோணும். யாரெல்லாம் வர்றாங்க அங்க?

— எல்லாருந்தான். புலி மூஞ்சோட ஒருத்தன் வந்தான், பக்கத்துக் கடைக்காரன் வேலிய தள்ளிப் போட்டுட்டானாம். அந்த ஊரு வேலிதான். ஒரு கல்யாணப் பொண்ணு வந்துச்சு, மாப்பிள்ள அங்க தாலி கட்டிட்டு இங்க பதிவு பண்ண வரமாட்டேங்கிறானாம்.

— பாவம்.

— ஒரு பச்ச சேலைக்காரம்மா வந்துச்சு. அண்ணன் ஏமாத்தி எழுதி வாங்கிட்டான், என்ன பண்ணலாம்னு டைப் பண்ணிச்சு.

— நீ என்ன சொன்ன?

— 'வீட்டுல உக்காந்து பேசித் தீத்துக்கங்கம்மா'ன்னு அனுப்பிட்டேன். இந்த மாதிரி கேஸெல்லாம் சூசா, பெரிய தொல்லை தனம். அழும், திட்டும், மறுநாளு அண்ணன் ஒரு சேலை வாங்கிக் குடுத்தா கேஸ் வேணாம்னு போயிரும். நமக்கு நேரந்தான் வேஸ்ட்டு.

— உக்காரக்கூட சொல்லலையா?

— பொம்மைக்குக் கால் வலிக்குமா என்ன?

— வலிக்காதுதான்... உருப்படியா ஒரு ஆள்கூடவா வரல?

— ஏன் வரல? முகுந்தன்னு ஒருத்தர் வந்தாரு பாரு. பெரிய மனுசன். நல்லா அடர்த்தியா மீசை, வெள்ளைச் சட்டை. கேரி தீவுப் பக்கமாம். பாத்தாலே ஒரு மரியாதை வரும். 'வாங்க சார், உக்காருங்க சார்'னு ஒரு மணி நேரம் பேசுனோம். அதாவது நான்தான் பேசுனேன். அவரு டைப் பண்ணாரு, மைக்கு கெட்டுப்போச்சாம்.

— அவருக்கு என்ன பிரச்சினை?

— அதெல்லாம் சொல்லக்கூடாது. கிளையண்ட் சொன்னது ரகசியம்.

— எங்கிட்டகூடவா? நான் யாருகிட்ட போய் சொல்லப் போறேன்? வீரம்மாக்காவுக்குக் காதே கேக்காது.

— ...தங்கச்சி ஒண்ணு இருக்காம் அவருக்கு. அதுகிட்ட ஒரு சொத்த எழுதி வாங்கிட்டாரு. பின்னால ஏதாச்சும் வில்லங்கம் வருமான்னு பயம். அவ்வளவுதான்.

— வருமா?

— வரும். ஓட்டை இருக்குல்ல.

— அடச்சுக் குடுத்தியா?

— அதுக்குத்தானே லாயரு.

— அந்தத் தங்கச்சி என்ன ஆவும்ணே?

— அது நம்ம வேலை இல்லம்மா. அதுக்கு வேணும்னா அது ஒரு லாயரப் பாத்துக்கட்டும்.

— நீ இதெல்லாம் சொல்லிக் குடுத்தது அதுக்குத் தெரிஞ்சா?

— எப்படித் தெரியும்? நான் வாயத் தொறக்க முடியாது. தொறந்தா என் லைசன்ஸே போயிரும்.

— முகுந்தன் தொறந்தா?

— அவரு தொறக்கலாம். ரகசியம் கிளையண்டுக்குத்தான் சொந்தம், லாயருக்கு இல்ல. அவரு நெனச்சா மைக்க பிடிச்சு ஊரு பூரா சொல்லலாம், என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா எந்த மடையனாச்சும் தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்குவானா?

— அதுவும் சரிதான்... அண்ணே, அப்பா படத்துல மாலை சரிஞ்சு கெடக்கு பாரு. மீசைய மறைக்குது. நீ உசரமா இருக்க, கொஞ்சம் ஏத்திவிடேன்.

— ம்... சரியா இருக்கா?

— இன்னும் கொஞ்சம்... ஆங். இப்ப தெரியுது. இப்பவும் உன்னத்தான் பாக்குறாரு.

— தனம், நான் ஒண்ணு சொல்லட்டா? எனக்குத் தூக்கமே வர்றதில்ல. பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸ்ல வேலை செஞ்ச ரெண்டு புள்ளைங்கள நிறுத்திட்டேன். அந்தக் கடைவீட்ட வாங்குறதுக்குக் கைய நீட்டாத எடமில்ல. இப்ப அத விக்கலாம்னா, வாங்குறதுக்கு ஆளே இல்ல. ஊரே காலியாயிட்டு வருது. ராத்திரியில போய்ப் பாத்தா நானும் அந்தப் போர்டும் மட்டும்தான் நிக்கிறோம்.

— தெரியும்ணே.

— எப்படித் தெரியும்?

— மொகத்தப் பாத்தா தெரியாதா? செருப்பப் பாத்தே தெரிஞ்சிச்சு... அண்ணே, நான் ஒண்ணு கேக்கட்டா?

— கேளு.

— இந்தப் பேப்பர அப்படி ஓரமா வையி. என் மொகத்தப் பாத்து, 'தனம், எனக்கு வேற வழியில்ல, வீட்ட விக்கணும், உன் பாதியையும் குடு'ன்னு ஒரு தடவ கேளு. நெஜமாத்தான் சொல்றேன். நீ கேட்டா நான் யோசிப்பேன். வேன ஓட்டிக்கிட்டு எங்கயாச்சும் ஒரு ரூம் பாத்துப் போயிருவேன்.

— மணி என்னாவுது இப்ப?

— கேளுண்ணே.

— கேக்குறதுக்கு என்ன இருக்கு தனம்? வீடு என் பேர்லதான் இருக்கு.

— சரி.

— கோவிச்சுக்காதம்மா. சட்டத்த சொன்னேன்.

— நான் கோவிச்சுக்கல. பேனா குடு.

— இந்தா. இங்க போடு... இந்தப் பக்கம் கீழ. தேதி போடாத, அத நான் போட்டுக்கிறேன். கருமாதிக்கு முன்னால தேதி வரணும்.

— சாட்சி வேணாமா?

— வேணும்தான். ஆபீஸ்ல யாரையாச்சும் போடச் சொல்லிக்கிறேன்.

— எதுக்குண்ணே வெளி ஆளு? முகுந்தனையே கூப்புடுவோம்.

— யாரு?

— உன் கிளையண்டுதான். பெரிய மனுசன்னியே. கூப்பிட்டா வருவாரு.

— விளையாடாத தனம். போட்டுட்டு குடு, நேரமாவுது. அவரு நம்பர்கூட எங்கிட்ட இல்ல. எங்க இருக்காரு, எப்படி இருப்பாருன்னே எனக்குத் தெரியாது.

— ஸ்கூல் வாசல்ல, மாமரத்துக்குக் கீழ, வேன்ல உக்காந்திருந்தாருண்ணே. மைக்கெல்லாம் கெடல. பேசுனா தொண்டை காட்டிக் குடுத்துரும்னுதான் டைப் பண்ணேன். மொதநாளு பச்ச சேலையோடதான் உன்னத் தேடி வந்தேன். உன் வாயாலயே எனக்கு ஒரு நியாயம் நீ சொல்லுவன்னு நம்பி வந்தேன், நீ நிக்க வச்சே அனுப்பிட்ட. மறுநாளு இந்தப் படத்தப் பாத்துப் பாத்து அப்பா மீசைய ஒட்டிக்கிட்டு வந்தேன், 'வாங்க சார்'ன்ன. 'நானும் என் தங்கச்சிகிட்ட இப்படித்தான் எழுதி வாங்கினேன் சார்'ன்ன. வீட்ட வாங்குறவர்கிட்ட முன்பணம் வாங்கிட்டேன்ன, தீபாவளிக்குள்ள அவள கெளப்பிடுவேன்ன, வேற லாயரப் பாத்ததா ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டா ஓட்டை அடைஞ்சிடும், இந்த வாரமே போறேன்ன... அன்னிலேருந்து நீ பேப்பரோட வருவன்னு காத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அத்தனையும் என் போன்ல பதிவாயிருக்கு. நேத்து குளோரியான்னு ஒரு லாயரம்மாவப் பாத்து, ஐசிய காட்டி, குடுத்துட்டேன். சொல்லலாமான்னு கேக்காத, ரகசியம் கிளையண்டுக்குத்தான் சொந்தம்... பேனாவ எடுத்துக்கண்ணே. பொறந்ததுலேருந்து நீ எங்கிட்ட மனசத் தொறந்து உண்மைய பேசுனது அந்த ஒரு மணி நேரந்தான், அதுக்கும் எனக்கு மீசை தேவப்பட்டுச்சு.